கவிழ்த்து வைத்த தாள்

அண்ணியின் கை நடுங்கி நான் பார்த்ததே இல்லை. இருபத்தாறு வருஷமாக உளி பிடிக்கிற கை அது. அந்த வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு, அந்தக் கையில் இருந்த ஒரு ட்ரேசிங் தாள் படபடவென்று ஆடியது. மெஷின் ஓடாத நேரம், எதிர் மேஜையில் உட்கார்ந்திருந்த எனக்கே அந்தச் சத்தம் கேட்டது.

"தம்பி, இங்க வா. சத்தம் போடாம வா."

எங்கள் அச்சகத்தில் மெஷின் ஓடும்போது கத்தினாலும் காதில் விழாது. சத்தம் போடாமல் வா என்று அங்கே யாரும் யாரிடமும் சொன்னதில்லை. அண்ணி அப்படிச் சொன்னதும் வேலையைப் போட்டுவிட்டு எழுந்தேன்.

அண்ணி என்றால் என் அண்ணனின் மனைவி. அண்ணன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். வெளியே அண்ணிக்குப் பெயர் சுருளக்கா. புதிதாகக் கேட்கிறவர்கள் உடனே தலைமுடியைப் பார்ப்பார்கள். முடி அடிமட்டம் வைத்துக் கோடு போட்ட மாதிரி இருக்கும். சுருள் என்பது லினோச் சுருள். லினோ ஒரு தடித்த மெத்தென்ற தகடு. அதில் உளியால் படம் வெட்டும்போது சுருள் சுருளாகக் கழிந்து விழும். அது அண்ணியின் புடவை மடிப்பில் இருக்கும், பின்னலில் இருக்கும், சில நாள் அண்ணனின் சாப்பாட்டுத் தட்டிலும் இருக்கும். "இன்னைக்கு என்ன படம்னு தட்டைப் பார்த்தே சொல்லிடுவேன்" என்பார் அண்ணன்.

பில் புத்தகம் மடிக்கிற வேலைக்குத்தான் அண்ணி அச்சகத்தில் சேர்ந்தார். மடிக்கிற நேரம் போக மீந்த லினோத் துண்டில் யாரோ விட்டுப்போன உளியை வைத்துக் கிறுக்கிக்கொண்டிருந்தவரை, ஒரு நாள் மாடியில் இருக்கும் பல் டாக்டர் பார்த்துவிட்டார். அதிலிருந்துதான் எல்லாம் ஆரம்பித்தது. பயம் என்ற பேச்சே அண்ணியிடம் கிடையாது. எடை மெஷின் சோதிக்க வந்த இன்ஸ்பெக்டரை, "எங்ககிட்ட எடை மெஷினே இல்ல, உங்களை வேணா எடை போடவா?" என்று கேட்டு அனுப்பியவர். பல்லியைக் கண்டால் மட்டும் முக்காலி மேல் ஏறிக்கொள்வார். மேலே நின்றபடி அதையும் திட்டுவார்.

அந்தப் பல் டாக்டரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவருக்குக் கவிதைப் பைத்தியம். பல்லைப் பிடுங்கிய கையோடு நோயாளியிடம், "நீங்க ஏதாவது எழுதுவீங்களா?" என்று கேட்பார். பஞ்சு கடித்துக்கொண்டிருக்கிற ஆள் என்ன பதில் சொல்ல முடியும்? அப்படியும் எழுதுகிறவர்கள் அகப்பட்டார்கள். மாதம் ஒரு கவிதையை அவர் தேர்ந்தெடுப்பார். நான் கம்ப்யூட்டரில் எழுத்தடித்து ஒரே தாளின் கீழ்ப்பாதியில் அச்சடிப்பேன். மேல்பாதியில் அண்ணி தன் லினோப் படத்தைக் கைமெஷினில் ஒற்றுவார். மொத்தம் நூற்றைம்பது தாள். ஊரில் நாற்பத்தோரு இடங்களில் அண்ணனும் நானும் ஒட்டுவோம். பஸ் நிறுத்தம், ஆஸ்பத்திரி வராந்தா, சலவைக்கடை, மின்கட்டணம் கட்டுகிற இடம், இப்படி ஜனங்கள் சும்மா நிற்கிற இடமாகப் பார்த்து ஒட்டுவோம். அதன் மேல் சினிமா போஸ்டரை ஒட்டுகிறவர்கள் விளங்கவே மாட்டார்கள் என்பது என் திடமான அபிப்பிராயம்.

இந்தத் தாளுக்கு ஒரே ஒரு விதி உண்டு. அண்ணி போட்ட விதி. கவிதையில் இருப்பதைப் படமாக வரையக் கூடாது. கவிதை எழுதும்போது எழுதியவருக்கு எதிரே என்ன இருந்ததோ அதைத்தான் வரைய வேண்டும். காதலைப் பற்றி எழுதியவருக்கு எதிரே மூன்று நாள் துவைக்காத துணி தொங்கியதா? துணிதான் படம். எழுதியவர் பெயரைப் போடுவதில்லை. அதனால் எங்களுக்குள் அவரவர் படமே அவரவருக்குப் பெயர். சலவைக்கொடி ஒருவர், ஆஸ்பத்திரிச் சுவர் ஒருவர், காலி நாற்காலி ஒருவர்.

அந்த மாதத்துக் கவிதைக்காரிக்குப் பெயர் புகைபோக்கி.

அவர் டாக்டரிடம் வந்தது இரண்டு முன்பற்கள் உடைந்த நிலையில். படியில் விழுந்தேன் என்றாராம். படியில் விழுந்தால் பல் எப்படி உடையும், கை பட்டால் எப்படி உடையும் என்பது டாக்டருக்குத் தெரியாதா? வாய் கட்டிய துணியோடு வெளி அறையில் உட்கார்ந்து சுவரில் இருந்த எங்கள் தாள்களை ஒவ்வொன்றாகப் படித்தாராம். நாலாவது தடவை வந்தபோது, வீட்டுக்குத் திரும்பிப் போகப் போவதில்லை என்று சொல்லியிருக்கிறார். டாக்டர்தான் ஊரின் மறு கோடியில், மெத்தை தைக்கிற கடைக்கு மேலே ஒரு அறை பார்த்துக் கொடுத்தார். புருஷன் போன் மூலமாக ஒரு தடவை தேடிப் பிடித்துவிட்டதால் அவர் போனே வைத்துக்கொள்ளவில்லை. போலீசில் எழுதிக் கொடுத்தபோது, குடும்ப விஷயம், பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

அங்கிருந்து அவர் அனுப்பிய கவிதை இது:

தாழ்ப்பாள் வெளிப்பக்கம்.
சாவி உன் பையில்.
சாவி குலுங்கும் சத்தம் கேட்டால்
உலை கொதித்துவிட்டதா என்று பார்ப்பேன்.

இந்த அறையில் தாழ்ப்பாள் என் பக்கம்.
காற்றுகூட
என்னைக் கேட்டுவிட்டுத்தான் உள்ளே வருகிறது.

முதல் நாலு வரி பழைய வீட்டில் நோட்டுப்புத்தகத்தில் எழுதியது. அதைக் கண்டுபிடித்த புருஷன், சத்தமாக வாசித்துக் காட்டிவிட்டு அடுப்பில் போட்டுவிட்டான். மீதி மூன்று வரி புது அறையில் எழுதியது. அந்த ஆள் மின்சார மீட்டர் கணக்கெடுக்கிறவன். கவிதையை மின்கட்டண ஆபீசில் கட்டாயம் ஒட்ட வேண்டும் என்று அவர் டாக்டரிடம் கேட்டுக்கொண்டார். "அவன் எரிச்சதை நான் திரும்ப எழுதிட்டேன்னு அவனுக்குத் தெரியணும்."

"சரிம்மா, அப்ப படம் வேற ஏதாவது போட்டுக்கலாம்" என்றாராம் டாக்டர்.

"எல்லாருக்கும் ஒரு விதி, எனக்கு மட்டும் பொய்ப் படமா? பத்து வருஷம் கழிச்சு நான் திறந்த ஜன்னல் டாக்டர் அது."

அந்த ஜன்னலில் இருந்து தெரிந்ததை அவரே பென்சிலால் வரைந்து அனுப்பியிருந்தார். இடது பக்கம் நாலு காலில் நிற்கிற தண்ணீர்த் தொட்டி. நடுவில் பாதி உடைந்த புகைபோக்கி. வலது பக்கம் எதிர்வீட்டின் வெளிப்படிக்கட்டு. மீட்டர் கணக்கெடுக்கிறவனுக்கு ஊரில் எந்த வீட்டுப் படி எந்தப் பக்கம் என்பது அத்துப்படி. என்ன செய்வது என்று மூன்று பேரும் மண்டையை உடைத்துக்கொண்டோம். கடைசியில் அண்ணிதான் வழி சொன்னார். படத்தை இடம் வலம் மாற்றிப் போட்டுவிடலாம் என்றார். எல்லாம் இருக்கும், ஆனால் ஆளுக்கு இடம் பிடிபடாது.

அதெப்படிப் பிடிபடாமல் போகும் என்று நீங்கள் கேட்கலாம். முன்பு ஒரு தடவை விளையாட்டாக எங்கள் அச்சகத் தெருவையே அண்ணி மாற்றி ஒற்றி, முப்பது வருஷமாக அதே தெருவில் கடை வைத்திருக்கிற முதலாளியிடம் காட்டினார். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "நல்லா இருக்கு, எந்த ஊரு?" என்று கேட்டார். அந்தத் தைரியத்தில்தான் ஒப்புக்கொண்டோம். சொல்லி அனுப்பியதும் புகைபோக்கியும் சம்மதித்தார். டாக்டர் இன்னொன்றும் செய்தார். படத்தில் ஒரு கடைப் பலகை இருந்தது. எழுத்து இருந்தால் ஆபத்து என்று அதை அழிக்கச் சொன்னார். அழித்தோம்.

இப்போது அண்ணியின் வேலை முறையைச் சொன்னால்தான் நடந்தது புரியும். படத்தை ட்ரேசிங் தாளில் பென்சிலால் எடுப்பார். தாளை லினோ மேல் கவிழ்த்து வைத்து, பின்பக்கத்தைக் கரண்டி முதுகால் தேய்ப்பார். பென்சில் கோடு லினோவில் இடம் வலம் மாறி ஒட்டிக்கொள்ளும். அதை வெட்டி ஒற்றினால் மறுபடி மாறி, நேரான படம் வரும். இந்தத் தடவை மாற்றிய படம் வேண்டும் என்பதால் தாளைக் கவிழ்க்கக் கூடாது. நிமிர்த்தி வைத்து, அடியில் கார்பன் தாள் கொடுத்து, கோட்டின் மேல் கோடு இழுக்க வேண்டும். மறந்துவிடக் கூடாதென்று கார்பன் தாளை எடுத்து மேஜை மேல் வைத்ததை நானே பார்த்தேன்.

திங்கட்கிழமை ஒற்றினோம், செவ்வாய்க்கிழமை ஒட்டினோம். வியாழக்கிழமை மேஜையைத் துடைக்கும்போது அண்ணி அந்த ட்ரேசிங் தாளைக் கையில் எடுத்திருக்கிறார்.

"கோட்டைப் பாரு தம்பி" என்றார்.

பார்த்தேன். பென்சில் கோடு வெளுத்துப் போயிருந்தது. கார்பன் வைத்து இழுத்திருந்தால் கோடு முன்னைவிட அழுத்தமாக அல்லவா இருக்க வேண்டும்? பென்சில் தாளை விட்டு லினோவுக்குப் போயிருந்தது. மேஜை ஓரத்தில் கார்பன் தாள் புது மெருகு கலையாமல் அப்படியே கிடந்தது.

"கவுத்துட்டேன்" என்றார் அண்ணி. "யோசிக்கவே இல்ல. கை பாட்டுக்குக் கவுத்துடுச்சு."

புகைபோக்கி வரைந்து அனுப்பிய படத்தையும் அச்சான தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். தொட்டி இடது பக்கம், படி வலது பக்கம். இரண்டிலும் அப்படியே இருந்தது. அந்தக் கடைப் பலகை எழுத்து இருந்திருந்தால், நேராக விழுந்த எழுத்தைப் பார்த்தே தப்பைக் கண்டுபிடித்திருப்போம். அதைத்தான் அழித்துவிட்டோமே. நானோ கீழ்ப்பாதியை மட்டும் ஏழு தடவை சரிபார்த்தவன். என் வேலை எழுத்து, படம் என் வேலை இல்லை என்று மெத்தனமாக இருந்தவன். என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

டாக்டர் ஒரு நோயாளியை வாய் திறந்தபடியே விட்டுவிட்டுக் கீழே ஓடி வந்தார். மெத்தைக்கடைக்குப் போன் செய்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. "இன்னைக்கு வியாழன், கடை லீவு" என்று அவரே சொல்லிக்கொண்டு போனை வைத்தார். "முதல்ல கரன்ட் ஆபீஸ். போற வழிதான். தாள் இருக்கான்னு பாருங்க. இருந்தா கிழிச்சுட்டு நேரா அங்க போங்க. இல்லைன்னா…" என்றவர் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. தான் போலீசுக்குப் போய்விட்டு வருவதாகச் சொன்னார்.

அண்ணன் காலைச் சவாரி முடித்து வேனைக் கழுவிக்கொண்டிருந்தார். நாங்கள் ஓடி வந்த வேகத்தைப் பார்த்ததும் என்ன ஏது என்று கேட்கவில்லை. வாளியைக் காலால் தள்ளிவிட்டு ஏறினார். சைக்கிள்காரன் கூட முந்திப் போகிற மாதிரி வண்டி ஓட்டுகிற மனுஷன், அன்றைக்கு எனக்குத் தலை கூரையில் இடிக்கும்படி ஓட்டினார். அண்ணி குழந்தைகள் உட்காருகிற குட்டை சீட்டில், முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்து தன் வலது கையையே வெறித்துக்கொண்டிருந்தார்.

மின்கட்டண ஆபீசில் பத்துப் பதினைந்து பேர் வரிசையில் நின்றார்கள். அறிவிப்புப் பலகைக்குப் பக்கத்தில் எங்கள் தாள் இருந்தது. கீழ்ப்பாதி மட்டும் இருந்தது. கவிதை முழுசாக இருக்க, மேலே படம் இருந்த இடத்தில் சுவர் தெரிந்தது. கிழித்த மாதிரி இல்லை. பிளேடு வைத்து, அளவாக, பிசிறில்லாமல் அறுத்து எடுத்திருந்தது. அண்ணி அந்த ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார். வெட்டுகிற வேலை தெரிந்தவர் அல்லவா? எவ்வளவு நிதானமாக அறுத்திருக்கிறான் என்பது அவருக்குப் புரிந்திருக்கும்.

கவுன்டரில் இருந்தவர் நல்ல மனுஷர். நாங்கள் கேட்காமலே சிரித்தார்.

"அதுவா? நம்ம மீட்டர் ரீடர் ஒருத்தர் நேத்து சாயங்காலம் எடுத்துக்கிட்டாரு. நான்தான் பிளேடு குடுத்தேன். அரை மணி நேரம் நின்னு பாத்தாரு. என் வீட்டுக்காரி எழுதினதுன்னு பெருமையாச் சொன்னாரு."

"இப்ப எங்க அவரு?" என்று கேட்டேன்.

"இன்னைக்கு லீவு போட்டிருக்காரே."

அங்கிருந்து ஊரின் மறு கோடி பதினெட்டு நிமிஷம். அந்தப் பதினெட்டு நிமிஷத்தில் என்னென்ன நினைத்தேன் என்று எழுத எனக்கு இஷ்டமில்லை. அண்ணன் மட்டும் ஒரு தடவை, "நேத்து சாயங்காலமே கையில கிடைச்சுதுன்னா ராத்திரியே…" என்று ஆரம்பித்தார். "ரோட்டைப் பாத்து ஓட்டுங்க" என்றார் அண்ணி.

அந்தப் பக்கம் எங்கள் மூவருக்குமே புதுசு. டாக்டர் எழுதிக் கொடுத்த துண்டுச்சீட்டை வைத்து நான் வழி தேடிக்கொண்டிருக்கும்போது அண்ணி திடீரென்று, "நிறுத்துங்க, இங்கதான்" என்றார். கூரைகளுக்கு மேலே தொட்டியின் நாலு கால் தெரிந்தது. மூன்றாவது காலில் ஒரு கோணல் இருந்தது. அந்தக் கோணலை வெட்ட அண்ணிக்கு அரை நாள் பிடித்தது. பார்த்தறியாத தெருவை அண்ணி உள்ளங்கை மாதிரி தெரிந்துவைத்திருந்தார்.

வேனைத் தெரு முனையிலேயே நிறுத்தினோம். அப்போதுதான் அவனைப் பார்த்தேன்.

நான் மனசில் ஒரு ராட்சசனை வைத்திருந்தேன். சராசரி ஆள்தான். இஸ்திரி போட்ட சட்டை, தோளில் பை. நடுத்தெருவில் எங்களுக்கு முதுகு காட்டி நின்றுகொண்டு, ஒரு தாளைக் கண்ணுக்கு நேரே நீட்டிப் பிடித்திருந்தான். தாளைப் பார்த்தான், தலையைத் தூக்கிப் புகைபோக்கியைப் பார்த்தான். ஓர் அடி பின்னால் வைத்தான். மறுபடி தாள், மறுபடி புகைபோக்கி. இன்னும் ஓர் அடி பின்னால்.

என்ன செய்கிறான் என்பது எனக்கு உடனே புரியவில்லை. அண்ணிக்குப் புரிந்துவிட்டது. "படத்துல இருக்கிற இடத்தைத் தேடல" என்று காதருகே சொன்னார். "படம் எங்கேருந்து தெரியுதோ அதைத் தேடுறான்." தொட்டியும் புகைபோக்கியும் படியும் தாளில் இருக்கிற இடைவெளிக்கு வந்து நிற்கும்வரை அவன் பின்னால் நடந்துகொண்டே இருப்பான். அவனுக்குப் பின்னால் முப்பது அடி தள்ளி, மூடிய கதவுக்கு மேல் மெத்தைக்கடைப் பலகை இருந்தது. மாடியில் ஜன்னல் ஒன்று திறந்திருந்தது.

அவன் திரும்பினால் தீர்ந்தது. கொலை செய்ய வருகிறவன் கையில் கத்திதான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். இவன் கையில் இருந்தது என் அண்ணி வெட்டிய படம்.

அண்ணனிடம் வேனைப் பின் சந்துக்குக் கொண்டுவரச் சொல்லிவிட்டு அண்ணி இறங்கினார். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். நானும் கழற்றினேன். சுவரை ஒட்டி, அவன் முதுகுக்குப் பின்னால், கடையின் பக்கவாட்டுப் படிக்கு நடந்தோம். வெயிலில் தார் காலைச் சுட்டது. சுட்டதே எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

மாடிக் கதவைத் தட்ட முடியாது, சத்தம் கேட்கும். அண்ணி நகத்தால் சுரண்டினார். உள்ளே நடமாட்டம் நின்றது. தாழ்ப்பாள் அவர் பக்கம். திறப்பாரா?

"தங்கச்சி" என்றார் அண்ணி, கதவு இடுக்கில் வாயை வைத்து. "உன் ஜன்னலை வெட்டினவ நான். டாக்டர் அனுப்பினாரு. தப்பா வெட்டிட்டேன்மா. திற."

தாழ்ப்பாள் சத்தமில்லாமல் விலகியது. என்னைவிடச் சின்னப் பெண். புதுசாக வைத்த முன்பற்கள் இரண்டும் மற்றவற்றைவிட வெள்ளையாக இருந்தன.

"எந்தப் பக்கம்?" என்றுதான் முதலில் கேட்டார்.

"மாத்தாம, இருக்கிற பக்கமே" என்றார் அண்ணி.

அந்தப் பெண் ஜன்னலை மூடப் போனார். "மூடாதே, சத்தம் கேட்டா திரும்பிப் பார்ப்பான்" என்று அண்ணி கையைப் பிடித்து இழுத்தார். தெருவில் செருப்புத் தேயும் சத்தம் கேட்டது. ஒரு அடி. நிதானம். இன்னொரு அடி. அந்தப் பெண் ஒரு துணிப்பையில் நாலு துணியையும் ஒரு நோட்டுப்புத்தகத்தையும் போட்டுக்கொண்டார். மேஜை மேல் பாதி குடித்த டீ இருந்தது. அதைக் கழுவி வைத்துவிட்டு வருகிறேன் என்ற மாதிரி கையில் எடுத்தார். நான் வாங்கிக் கீழே வைத்தேன்.

பின்படி வழியாக, பஞ்சு மூட்டைகளுக்கு நடுவே இறங்கிச் சந்துக்கு வந்தோம். வேனில் சீட்டுகளுக்கு இடையே, குழந்தைகள் விட்டுப்போன தண்ணீர்ப் பாட்டில்களோடு அவரைப் படுக்க வைத்து, மேலே அண்ணி தன் புடவைத் தலைப்பைப் போட்டு மூடினார். சந்தில் இருந்து வெளியே வர அந்தத் தெரு முனையைக் கடந்துதான் ஆக வேண்டும். நான் பார்க்கக் கூடாது என்று நினைத்தேன், பார்த்துவிட்டேன். அவன் முதுகு மெத்தைக்கடைக் கதவில் வந்து முட்டி நின்றது. தாளைக் கீழே இறக்கினான். ஒழுங்காக நாலாக மடித்துப் பையில் வைத்தான். அப்புறம் மெதுவாகத் திரும்பி, தலையைத் தூக்கித் திறந்திருந்த ஜன்னலைப் பார்த்தான்.

வெகு தூரம் வந்த பிறகு அண்ணி, "என்னை மன்னிச்சிரும்மா" என்றார்.

கீழே படுத்திருந்தவர் தலைப்பை விலக்கி, "அந்த ஜன்னல் எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்ததுக்கா" என்றார். திட்டியிருந்தால் அண்ணி தாங்கியிருப்பார். என் அண்ணி வாய்விட்டு அழுததை அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்த்தேன்.

அன்று சாயங்காலத்துக்குள் மீதி நாற்பது இடத்திலும் தண்ணீர் ஊற்றிச் சுரண்டி எடுத்தோம். மெத்தைக்கடை மாடியில் அவன் கதவை உடைத்திருந்தான், ஜன்னலையும் உடைத்திருந்தான். இந்தத் தடவை டாக்டர் கூடவே நின்றதால் போலீசில் எழுதிக்கொண்டார்கள். கேட்டால் விசாரிக்கிறோம் என்கிறார்கள். ஆபீசில் அவனை வேறு பகுதிக்கு மாற்றிவிட்டதாகக் கேள்வி. எந்தப் பகுதி என்று யாரும் சொல்லவில்லை.

புகைபோக்கி இப்போது அண்ணி வீட்டில், வெளியூரில் வேலை பார்க்கும் மகனின் அறையில் இருக்கிறார். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வாசலில் "மீட்டர்!" என்று குரல் கேட்கும். அந்தக் குரல் கேட்டதும் அவர் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வார். அண்ணன் எழுந்து வாசலுக்குப் போவார். வந்தவன் வேறு ஆள் என்று தெரிந்த பிறகும் அண்ணிக்கு ஒரு மணி நேரம் படபடப்பு அடங்காது. இன்ஸ்பெக்டரை எடை போடக் கூப்பிட்டவரா இவர் என்று இருக்கும் எனக்கு.

ஐந்து மாதம் அண்ணி உளியைத் தொடவில்லை. வெறும் எழுத்தோடுதான் தாள் வந்தது. ஆறாவது மாதம் அந்தப் பெண், அண்ணி காய் நறுக்கிக்கொண்டிருந்த பலகைக்குப் பக்கத்தில் ஒரு கவிதையை வைத்தார். கூடவே ஒரு பென்சில் படம். மகன் அறை ஜன்னலுக்கு எதிரே ஒன்றரை அடியில் பக்கத்து வீட்டுச் சுவர். பூசாத செங்கல். வரிசை வரிசையாகச் செங்கலை வரைந்திருந்தார். வேறு ஒன்றும் இல்லை.

"என்னால முடியாதும்மா" என்றார் அண்ணி.

"விதி விதிதானக்கா. எதிர்ல இதான் இருந்துச்சு." பிறகு கொஞ்சம் தாழ்ந்த குரலில், "கரன்ட் ஆபீஸ்லயும் ஒட்டணும்" என்றார்.

மறுநாள் காலை அண்ணி என்னைக் கூப்பிட்டு முக்காலிக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார். "என் கையையே பாத்துக்கிட்டு இரு. வேற எதையும் பாக்காத." நான் வேலையைப் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். எங்களோடு அந்தப் பெண்ணும் வந்திருந்தார். வீட்டில் தனியே இருக்கப் பயம். அண்ணி ட்ரேசிங் தாளை லினோ மேல் நிமிர்த்தி வைத்தார். எடுத்தார். கவிழ்த்து வைத்தார். மறுபடி எடுத்தார். தாள் படபடவென்று ஆடியது.

"தம்பி, எது சரி? சொல்லுடா."

பின்னால் நின்றிருந்தவர்தான் சொன்னார். "எந்தப் பக்கம் வெச்சாலும் அதே சுவர்தானக்கா."

அச்சகத்தில் இப்போது அவர் பெயர் சுவர். அண்ணி அந்தப் பெயரை மட்டும் சொல்ல மாட்டார், தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். அன்றைக்கு அவர் அப்படிச் சொன்ன பிறகும், அண்ணி தாளை மூன்று தடவை சரிபார்த்துவிட்டுத்தான் கரண்டியைக் கையில் எடுத்தார்.